நாறுவதால் நாரத்தை

கேள்வி (பாலக்கோடு): நார் இருப்பதால்தான் நாரத்தை என்று பேரா?

பதில்: நாருக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. 'நறு', 'நாறு' என்ற வேரோடுதான் மொழியியலார் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். நாறுவது இன்று வசவு, பழந்தமிழில் மணப்பது. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று குறள் (1274) சொல்வது மொட்டுக்குள் இருக்கும் வாசத்தை. காயை நகத்தால் கீறிப் பாருங்கள். தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும் எண்ணெய்ப் பைகள் உடைந்து விரலில் தெறிக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. சாற்றை ருசித்து வைத்த பேரல்ல, தோலை முகர்ந்து வைத்த பேர் என்பேன்.

கேள்வி (கிருஷ்ணகிரி): 'ஆரஞ்சு'ம் இதே சொல்தானா?

பதில்: ஆமாம். வடமொழியில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ், ஸ்பானியத்தில் நரன்ஹா. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் 'ஒரு' என்று பொருள்படும் 'உன்' முன்னால் வர, அதன் னகரத்தோடு ஒட்டிப் பழத்தின் முதலெழுத்து கரைந்துபோனது. ஆங்கிலம் வாங்கும்போதே தலையில்லாத சொல்தான். நிறத்துக்குப் பேர் வந்தது அதற்கும் பிறகு. நாகம், அதாவது யானை, தின்று செத்ததால் 'நாகரங்கம்' என்று பேர் வந்த கதையை விட்டுவிடுங்கள். இன்னொன்று: சொல் இங்கிருந்து போனது என்பதற்காக மரமும் இங்கே பிறந்ததாகாது. இனிப்பு ஆரஞ்சு, பம்பளிமாஸும் மாண்டரினும் (கமலா ஆரஞ்சு) கலந்து வந்த இனம். அதன் பிறப்பிடம் தென்சீனப் பக்கம்.

கேள்வி (ஓசூர்): நாரத்தைக்கு எங்கள் வீட்டில் தெலுங்கில் தப்பகாய், பக்கத்து வீட்டில் கன்னடத்தில் ஹேரளெகாய். நாற்று கேட்கும்போது எந்தப் பேரைச் சொல்வது?

பதில்: எல்லையோரச் சந்தையில் ஒரே கூடைக்கு மூன்று பேர் இருக்கும். தெலுங்கில் 'நாரிஞ்ச' என்றால் ஆரஞ்சு, மலையாளத்தில் 'செறுநாரங்ஙா' எலுமிச்சை. அதனால் பேரை விட்டு இலைக்காம்பைப் பாருங்கள். கிச்சிலிக்கு (புளிப்பு ஆரஞ்சு) காம்பின் இருபுறமும் அகலமான சிறகு. பம்பளிமாஸுக்கு அதைவிட அகலம், கிட்டத்தட்ட இன்னொரு குட்டி இலை. எலுமிச்சைக்கு மெல்லிய கீற்று. தோல் தடித்த சிட்ரானுக்குச் சிறகே இராது.

கேள்வி (பென்னாகரம்): பம்பளிமாஸ் தமிழா?

பதில்: இல்லை, டச்சு: பொம்பெல்மூஸ்.

கேள்வி (தர்மபுரி): உப்பு நாரத்தங்காயில் பூஞ்சை பிடிக்கிறது, வாசமும் நிற்பதில்லை.

பதில்: கழுவிய ஈரம் மிச்சமிருக்கும், அல்லது உப்பைக் குறைத்திருப்பீர்கள். 10 காய்க்கு 200 கிராம் கல்லுப்பு. நன்றாகத் துடைத்து, அறுந்துவிடாமல் சுருளாக நறுக்கி, உப்பை உள்ளே அடைத்து ஜாடியில் 5 நாள், தினமும் குலுக்குங்கள். பிறகு பகலில் வெயில், இரவில் அதே உப்புநீர், அது முழுக்க வற்றும்வரை. தாளிப்பதானால் எண்ணெய் ஆறிய பிறகு ஊற்றுங்கள். சூடு பட்டால் வாசம் ஆவியாகி, கசப்புதான் மிஞ்சும்.