இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இரவில் குண்டு வீசியபோது அமெரிக்கா ஏன் பகலில் போனது?
பகல் குண்டுவீச்சு என்றால் இலக்கைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்துப் போடுவது, அவ்வளவுதான். 1942 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் 12 பி-17 குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் ருவான் நகர ரயில் யார்டைத் தாக்கின (முன்னணி விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ்தான் பின்னாளில் ஹிரோஷிமாவுக்கும் போனவர்). அமெரிக்கர்கள் நம்பிய நார்டன் குறிபார்க்கும் கருவிக்கு இலக்கு தெரிந்தாக வேண்டும். மாங்காய்க்குக் கல்லெறிகிற கதைதான்: பகலில் காய் தெரியும், சரி, ஆனால் தோட்டக்காரனுக்கு நீங்களும் தெரிவீர்கள்.

அன்று 12 விமானங்களும் திரும்பியதால் பி-17 தனியாகவே சமாளிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் காவலுக்குப் போயிருந்தன, அந்தக் காவல் எட்டாத ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரத் தாக்குதலில் 1943 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 60 விமானங்கள் பறிபோயின.