முக்கி முக்கி நிற்கும் கிழ நாய்: நீர்க்கடுப்பு, கல், அடைப்பு பற்றிச் சில கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எல்லாமே வயதான பிறகு தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வீட்டுக்கு வந்த நாய்களைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சிக்கல் சிறுநீரில். இப்படி வந்த நாய்க்கு முன்கதை கிடையாது. சரியான வயது தெரியாது, முன்பு கல் இருந்ததா என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு, வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தே பழகிய ஜீவன் அது. எப்போது போனது, எவ்வளவு போனது, என்ன நிறம் என்று நீங்கள் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோவதை வைத்துத்தான் மருத்துவர் பாதி முடிவுகளை எடுப்பார்.

டாக்டர், எங்கள் ஆண் நாய்க்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். காலையிலிருந்து பத்துத் தடவை காலைத் தூக்கிவிட்டது, இரண்டு சொட்டுதான் வருகிறது. நாளை வரை பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. இவருக்குக் கேள்வி வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன்.

ஆண் நாயின் குறிக்குள் ஒரு சிறிய எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தின் வழியாகப் போவதால் அங்கே விரிந்து கொடுக்காது. சிறுநீர்ப்பையிலிருந்து இறங்கிவரும் கல் பெரும்பாலும் அந்த எலும்புக்குச் சற்றுப் பின்னால்தான் வந்து சிக்கும். வழி அடைத்துவிட்டால் பை உப்பும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு மந்தமாகி நின்றே போகலாம். வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது எல்லாம் தொடங்கிவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். இதில் நேரத்தை நாளால் எண்ணக் கூடாது, மணியால் எண்ண வேண்டும்.

போகும் வழியில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், உப்பிய பை கிழிந்துவிடும். 'தண்ணீர் குடித்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்' என்று வாயில் ஊற்றாதீர்கள். இன்னொன்று, முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்து இரண்டு நாள் கழித்துக் கூட்டிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகை வளைத்துக் குந்துவது இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் ஏமாறுவது சுலபம். சந்தேகம் வந்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் முதலில் ரத்தம் எடுப்பார்கள், இதயத்தைப் பார்ப்பார்கள். பிறகு மயக்கத்தில் டியூப் விட்டு, உப்பு நீரை வேகமாகச் செலுத்திக் கல்லைத் திரும்பப் பைக்குள்ளேயே தள்ளுவார்கள். பைக்குள் போய்விட்டால் அவகாசம் கிடைத்துவிடும். கல்லை எப்படி எடுப்பது என்று அதற்குப் பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

அடைப்பு எடுத்து மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓயாமல் குடிக்கிறது, ஓயாமல் போகிறது. தண்ணீரைக் குறைக்கட்டுமா?

குறைக்கவே கூடாது. அடைப்பு நீங்கிய பிறகு சிறுநீரகம் சில நாள் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. நீங்கள் கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடம்பு வறண்டு, இப்போதுதான் தப்பிய சிறுநீரகம் மறுபடி அடிவாங்கும். ஆனால் கணக்கு வையுங்கள். சாதாரணமாக ஒரு நாய் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லி வரை சிறுநீர் கழிக்கும். 15 கிலோ நாய் என்றால் நாளுக்கு 360 முதல் 720 மில்லி. டயப்பர் அல்லது விரிப்பை நனையும் முன்னும் பின்னும் எடைபோடுங்கள். கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, நீங்கள் மட்டும் ஒரு தடவை என எடைமேடையில் ஏறித் தினமும் அதன் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் எடை மளமளவென்று இறங்கினால் அது நீர்தான், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இந்த நாட்களில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அளவுக்கு மீறி உப்பிய பையின் தசை தளர்ந்து சுருங்க மறந்துவிடும். அப்போது பை நிரம்பி வழிந்து சொட்டிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு 'நன்றாகத்தான் போகிறது' என்று தோன்றும். அடிவயிறு கெட்டியாக, பந்துபோல் இருந்தால் உடனே தெரிவியுங்கள். அப்புறம், கழுத்துக் கூம்பை இரக்கப்பட்டுக் கழற்றாதீர்கள். தையலையோ டியூபையோ பிடுங்க அதற்கு அரை நிமிடம் போதும்.

சிறுநீரில் ரத்தம். மூன்றாவது ஆன்டிபயாடிக் ஓடுகிறது. கொடுக்கும்போது சரியாகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. போன தடவை மிச்சமான மாத்திரையைக் கொடுக்கலாமா?

மிச்ச மாத்திரை வேண்டாம். அதுதான் மருந்துக்கு அசராத கிருமியை வளர்க்கும் வழி. சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தரையிலிருந்து உறிஞ்சிய மாதிரி பயன்படாது. வயிற்றின் வழியாக ஊசியால் பையிலிருந்து நேரடியாக எடுத்ததுதான் நம்பகம். உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

எப்போதோ ஒரு முறை வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்து போதும் என்றே 2019 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் நாளைக் கூட்டுவதை விட, 'ஏன் வருகிறது?' என்று கேட்பதுதான் பலன் தரும். கல், நீரிழிவு, குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுவது), பிராஸ்டேட் (ஆண் நாயின் பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) வீக்கம் என்று காரணங்கள் பல. காப்பகத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்யப்படாமல் வயதான ஆண் நாய்க்கு பிராஸ்டேட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சிறுநீர் கழிக்காத நேரத்திலும் ரத்தம் சொட்டும், மலம் நாடாபோல் தட்டையாக வரும். வீக்கம் மட்டும் என்றால் கருத்தடை செய்தபின் சில வாரங்களில் சுருங்கிவிடும்.

சொல்லத் தயங்கும் காரணம் ஒன்று மிச்சம். வயதான நாயின் சிறுநீர்ப்பையில் புற்று வந்தாலும் இதே அறிகுறிகள்தான். கூடவே தொற்றும் இருப்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கொஞ்ச நாள் குறையும். ஸ்கேனில் பையின் கழுத்துப் பகுதியில் தடிப்பு தெரிந்தால் ஊசியால் சிறுநீர் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும், ஊசி போன வழியில் செல்கள் பரவலாம். அதற்குப் பதிலாக, தானாகக் கழித்த சிறுநீரிலேயே பிராஃப் மரபணு மாற்றத்தைத் தேடும் பரிசோதனை இருக்கிறது. மாற்றம் தெரிந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முழுக் குணம் அரிது. ஆனால் பைராக்சிகாம் போன்ற மருந்தால் பல நாய்கள் சில மாதங்களை ஓரளவு சுகமாகவே கழிக்கின்றன.

கல்லைக் கரைக்க கிரான்பெர்ரி, எலுமிச்சை என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்த வயதில் ஆபரேஷன் பயமாக இருக்கிறது.

எந்தக் கல் என்று தெரியாமல் எதையும் கரைக்க முடியாது. ஸ்ட்ரூவைட் என்னும் வகைக் கல் நாய்களுக்குப் பெரும்பாலும் தொற்றால் உருவாகிறது. அதற்கான மருத்துவ உணவும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கரைந்துபோகும். அந்த உணவைத் தவிர ஒரு பருக்கை வெளியிலிருந்து விழக் கூடாது. கால்சியம் ஆக்சலேட் என்னும் இன்னொரு வகைக் கல் எதற்கும் கரையாது. சிறுநீர் அமிலமாக அமிலமாக அது உருவாக வாய்ப்புதான் கூடும். கிரான்பெர்ரி கல்லைக் கரைக்காது, தொற்றைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. காசை மருத்துவ உணவில் போடுங்கள்.

வயது ஒரு நோய் அல்ல. இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டுத் திட்டமிட்டுக் கொடுக்கும் மயக்கத்தை விட, நடுராத்திரியில் அடைத்துக்கொண்டு வரும் நாய்க்கு அவசரமாகக் கொடுக்கும் மயக்கம்தான் அபாயம். கரையாத கல் என்று தெரிந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கருத்தடை செய்த பெண் நாய், தூங்கும்போது படுக்கையை நனைக்கிறது. கோபத்தில் செய்கிறதோ?

இல்லை. விழித்திருக்கும்போது ஒழுங்காகப் போய்விட்டு, தூக்கத்தில் மட்டும் ஒழுகினால் அது சிறுநீர்ப்பையின் வாயை மூடும் தசையின் தளர்ச்சி. எழுந்ததும் அது படும் வெட்கத்தைப் பார்த்தால் கோபமா என்று கேட்கத் தோன்றாது. தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஃபீனைல்புரோப்பனோலமின் என்னும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், கை நடுங்குகிறது.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். நடுக்கம் மூன்றாவது நாளில் போய்விடும். இது நரம்பில் ஏற்றுவது அல்ல, தோளுக்கு நடுவே தளர்ந்திருக்கும் தோலைக் கூடாரம்போல் தூக்கி அதன் அடியில் விடுவது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த நீர் உள்ளே போனால்தான் நாய் உதறும். முடிந்ததும் ஒரு மேடு தெரியும், சில சமயம் முன்னங்கால் வரை இறங்கித் தொங்கும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். அடுத்த வேளைக்கும் வடியாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். இதய நோய் உள்ள நாய்க்கு இது ஆபத்தாக முடியலாம்.

சாப்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. குமட்டலோடு இருக்கும் நாயின் முன் புதிய சிறுநீரக உணவை வைத்தால், அந்த வாசனையையும் குமட்டலையும் அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு உடம்பு தேறினாலும் அதைத் தொடாது. முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். அதுவரை அது விரும்பிச் சாப்பிடுவதை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள், வெங்காயமும் பூண்டும் இல்லாமல். பின் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். வலிக்கு உங்கள் அலமாரியில் இருக்கும் இபுபுரோஃபென், பாராசிட்டமால் எதையும் தொடாதீர்கள். இபுபுரோஃபென் ஒன்றே மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை முடித்துவிடும்.

பின்பக்கம் தொட்டாலே உறுமுகிறது. மூத்திரம் பட்டுத் தொடையெல்லாம் புண். எப்படித் துடைப்பது?

உறுமுவது மரியாதையான எச்சரிக்கை, அதற்காகத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். இதற்கு முன் அதைப் பின்னாலிருந்து தொட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. என்னிடம் இருந்த ஒரு கிழவன், நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றுக்கே போக மாட்டான். நோயோடு பல மணி நேரம் அடக்குவான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற பிறகுதான் சத்தம் கேட்கும். மூன்று வாரம் சத்தத்தை வைத்துத்தான் நோட்டில் எழுதினேன்: 'நீளம்', 'பாதி', 'சொட்டு'.

வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் துடையுங்கள். முன்னால் ஒருவர் தின்பண்டத்தோடு இருக்கட்டும், இன்னொருவர் தோளில் கை வைத்து மெதுவாக இடுப்புப் பக்கம் நகரட்டும். கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் முகக்கூடை போட நல்ல நாட்களிலேயே பழக்குங்கள். புண்ணைச் சுற்றிய முடியைக் கத்தரித்தாலே பாதி ஈரம் தங்காது. வெதுவெதுப்பான நீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பவுடர், ஸ்பிரிட் கூடாது. குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பும் கூடாது, நாய் நக்கினால் விஷம். எழ முடியாத நாய் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கு வரும். பரிசோதனை முடிவு தெரியும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வேலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை போட வேண்டும். கூட்டல் 35-ஐத் தாண்டினால் தொடர்ந்து பராமரிப்பதில் அர்த்தம் இருக்கிறது என்பது கணக்கு. வாரம் ஒரு முறை, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போடுங்கள். ராத்திரியில் கண்விழித்துத் துடைப்பவரின் மதிப்பெண் எப்போதும் கொஞ்சம் வேறாக இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு அந்தப் பக்கம் போனால், முதலில் தூங்கவைக்கும் ஊசி, அது ஆழ்ந்து தூங்கிய பிறகு அடுத்தது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தடித்த துணியாக ஒன்றை அடியில் விரித்துவிடுங்கள். கடைசியில் பை தளர்ந்து, இத்தனை நாள் அடைத்துக்கொண்டதெல்லாம் தானாக வெளியே வரும். அப்போது அதற்கு வலி தெரியாது. கையை எடுக்காமல் உட்கார்ந்திருங்கள்.