பழைய மொபைல் ஹோமைச் செய்த கம்பெனி எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் நிலம் வாங்கியிருக்கிறார். அதோடு ஒரு பழைய மொபைல் ஹோமும் (தொழிற்சாலையில் செய்து, வண்டியில் கட்டி இழுத்து வந்து நிறுத்தும் வீடு) வந்திருக்கிறது. காகிதம் எதுவும் கிடையாது. எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆஸ்டினுக்கு வெளியே நாங்கள் வாங்கிய நாலு ஏக்கரின் பின்மூலையில் அது நின்றுகொண்டிருந்தது. யார் செய்தது என்று விற்றவரிடம் கேட்டால், "அப்பா காலத்தில் வந்தது" என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

குளியல் தொட்டியில் விரிசல் விழும்வரை நானும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடையிலிருந்து புதுத் தொட்டி கொண்டுவந்தால் உள்ளே நுழைய மறுக்கிறது. சாதாரண வீட்டுத் தொட்டியின் நீளம் 60 அங்குலம். இந்த வீடுகளில் பெரும்பாலும் 54. கதவு, ஜன்னல் எல்லாம் இப்படித் தனி அளவு. செய்தவன் யார் என்று தெரிந்தால்தான் உதிரிபாகம் தேடுவது சுலபம்.

முதலில் நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் சட்டத்தில் 'கின்ரோ' என்று இருந்தது. கின்ரோ செய்த வீடு என்று முடிவுகட்டி ஒரு வாரம் தேடினேன். கின்ரோ, பல வீட்டுக் கம்பெனிகளுக்கு ஜன்னல் செய்து கொடுத்த நிறுவனம். கதவில் 'எலிக்சிர்' என்று பார்த்தாலும் இதே கதைதான். டயரைப் பார்த்துவிட்டு, இது எம்.ஆர்.எஃப். கார் என்று சொல்வதைப் போன்றது நான் செய்தது.

1976 ஜூன் 15 முதல் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு செய்த வீடு என்றால் வெளிச்சுவரில், இழுத்துச் செல்லும் கொக்கிக்கு எதிர்க்கோடியில், ஏறக்குறைய இரண்டுக்கு நாலு அங்குலத்தில் ஒரு சிவப்பு உலோகத் தகடு அறைந்திருப்பார்கள். அதில் எண்ணுக்கு முன்னால் வரும் மூன்று எழுத்துகளைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவை பரிசோதனை செய்த அமைப்பின் குறியீடு. வீட்டுக்குள் ஒரு காகிதமும் ஒட்டியிருப்பார்கள். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்பலகைப் பெட்டியின் அருகே, படுக்கையறை அலமாரி என்று பாருங்கள். கம்பெனிப் பெயர், தொழிற்சாலை முகவரி, தேதி, வரிசை எண் எல்லாம் அதிலேயே உண்டு. கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

என் வீட்டில் இரண்டும் இல்லை. யாரோ வெளிச்சுவருக்குப் புது மேல்பலகை (சைடிங்) போட்டபோது தகட்டைப் பெயர்த்துவிட்டார்கள். அலமாரிக்குள் நாலு அடுக்குப் பெயின்ட்.

மிச்சம் இருந்தது இரும்பு மட்டும். அடிச்சட்டத்தின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் வரிசை எண்ணைப் பொறித்திருக்க வேண்டும். கொக்கியிலோ இழுவைச் சட்டத்திலோ பொறிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே கொக்கியை யாராவது கழற்றிக்கொண்டு போயிருந்தாலும் எண் தப்பித்திருக்கும். வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் பாவாடைத் தகட்டை முன்பக்கத்தில் கழற்றி, குளவிக்கூட்டைக் கலைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி மல்லாந்து உள்ளே போனேன். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தும் எழுத்து பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலணாக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே செய்தேன். T, X, F, L என்று வெள்ளையாக எழும்பி வந்தன.

FL என்றதும் ஃபுளோரிடா என்று நினைத்தேன். தவறு. TX டெக்சஸ், FL என்பது ஃப்ளீட்வுட் என்ற வீட்டுக் கம்பெனி. ஜார்ஜியாவில் அவர்கள் செய்த வீடுகளில் இதே இடத்தில் GAFL என்று வரும். எல்லாக் கம்பெனிகளும் இவ்வளவு தெளிவாக எழுதுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பாதிகளாகக் கொண்டுவந்து இணைக்கும் இரட்டை அகல வீடு என்றால் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாக எண் உண்டு. பெரும்பாலும் கடைசி எழுத்து A, B என்று மாறும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்ததும் டெக்சஸ் மாநில வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உடைமைப் பதிவு இருந்தால் தயாரிப்பாளர் பெயரோடு வரும். காணாமல்போன சிவப்புத் தகட்டை ஹட் மறுபடி தருவதில்லை. அதற்குப் பதிலாக ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பு கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தத் தகட்டின் எண்ணை உறுதிசெய்து கடிதம் தரும். வங்கிக் கடனுக்கு அது போதும் என்பார்கள்.

1976க்கு முந்தையது என்றால் சிவப்புத் தகட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய உடைமைப் பத்திரமும் இரும்பில் பொறித்த எண்ணும்தான் கதி. அகலத்தையும் அளந்து பாருங்கள்: எட்டடி என்றால் ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், பத்தடி வீடுகள் அதற்குப் பிறகுதான் பரவின.

கம்பெனியே இப்போது இல்லை என்று தெரியவந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளீட்வுட் 2009இல் திவாலானது. அதன் வீட்டுத் தொழிலை கேவ்கோ என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. என் தொட்டி கடைசியில் மொபைல் ஹோம் சாமான் மட்டும் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. 54க்கு 27 அங்குலம். நிறம்தான் பொருந்தவில்லை.