மைதா விளையாட்டு மாவில் அவ்வளவு உப்பு எதற்கு?

ஒரு கப் மைதாவுக்கு அரை கப் உப்பா என்று பலரும் தயங்குவார்கள். குழந்தைகள் உருட்டி, தட்டி, பாம்பும் பிள்ளையாரும் செய்து விளையாட வீட்டிலேயே பிசையும் மாவுதான் இது. உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ, அரை கப்பை ஒட்டித் தண்ணீர். அவ்வளவுதான்.

வெறும் சப்பாத்தி மாவை வெளியே வைத்தால் மறுநாளே புளித்து நாறும். மாவில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் பூஞ்சையும் கிருமிகளும் வளர்கின்றன. உப்பு அந்த ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இப்படித்தான். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் இந்த மாவு சில வாரம் தாங்கும். நிறம் மாறினாலோ வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இழுபடும் தன்மை கோதுமையின் புரதத்தால் வருகிறது. அரிசி மாவில் அது இல்லை, விண்டுபோகும். எண்ணெய் கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். (கடையில் விற்கும் பிளே-டோவும் கோதுமை மாவுதான். முதலில் அமெரிக்காவில் சுவர்த்தாள் துடைக்க விற்றார்கள், 1956-இல்தான் பொம்மைக் கடைக்கு வந்தது.)

அப்புறம், ‘சமையலறைப் பொருள்தானே, தின்றாலும் ஒன்றும் ஆகாது’ என்பது தவறு: இவ்வளவு உப்பு சின்னக் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து, எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் பக்கத்திலேயே இருங்கள்.