கால் எரிவும் விறைப்பும்: எந்தக் கைவைத்தியம், எந்தக் கருவி?

கேள்வி: எனக்கு வயது 62. நீரிழிவுக்காக 14 ஆண்டுகளாக மெற்போமின் குளிசை எடுத்து வருகிறேன். ஒரு வருடமாக இரண்டு பாதங்களிலும் எரிவும் விறைப்பும் இருக்கின்றன. இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் வைத்தேன், நல்லெண்ணெய் பூசினேன். மகன் காலி வீதிக் கடையொன்றில் சூடும் அதிர்வும் தரும் மசாஜ் இயந்திரம் வாங்கித் தந்தார். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கிறது, பிறகு பழையபடிதான். அடுத்து, மின்துடிப்புக் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தச் சுடுதண்ணீர்ப் பேசினை ஒதுக்கி வையுங்கள். நரம்பு பழுதடைந்த பாதம் இல்லாத நெருப்பை எரிவாக உணரும். உண்மையான சூட்டை உணராது. காலைத் துவாயால் துடைக்கும்போது தோல் உரிந்து வந்ததைக் கண்ட பின்னரே வெந்துபோனதை அறிந்தவர்கள் உண்டு. கால் கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் அல்லது வீட்டில் நீரிழிவு இல்லாத ஒருவரின் கையால் பார்க்க வேண்டும். இதே காரணத்தால் மசாஜ் இயந்திரத்தின் சூட்டையும் நிறுத்திவிடுங்கள். புண்ணோ வெடிப்போ இல்லையென்றால் அதிர்வை மட்டும் 10 நிமிடமளவில் வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெய் நரம்பைத் திருத்தாது. ஆனால் குதிவெடிப்புக்கு நல்லது. விரல் இடுக்குகளில் பூச வேண்டாம், பூசிய காலோடு மாபிள் தரையில் நடக்கவும் வேண்டாம்.

மின்துடிப்புக் கருவி தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி வலிச் செய்தியை மங்கச் செய்வது. சிலருக்கு அது ஓடும் நேரத்தில் ஆறுதல் கிடைக்கும், ஆனால் நரம்பு வளராது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைத் தொடவே கூடாது. உணர்ச்சியற்ற தோலிலும் பட்டையை ஒட்டக் கூடாது. அகச்சிவப்பு ஒளிக் கருவிகளுக்கு நான் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். உண்மையான கருவியைப் பெற்றவர்களும், ஒளியே வராத போலிக் கருவியைப் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம் கண்ட ஆய்வுகள் இருக்கின்றன. அயலவருக்குச் சுகம் கிடைத்தது என்பதை வைத்து ஒரு கருவியை வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. மெற்போமினை நீண்டகாலம் எடுப்பவர்களில் சிலருக்கு உடலில் விற்றமின் பி12 குறைந்துவிடும். அந்தக் குறைபாடும் இதே எரிவையும் விறைப்பையும் தரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். குறைந்திருந்தால் ஈடுசெய்யலாம் என்பதால், எந்தக் கருவியையும் வாங்குமுன் இதைச் செய்விப்பதே முறை. மெற்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பாமசியில் கேட்டு வாங்கும் கலப்பு விற்றமின் குளிசைகளையும் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், ஏனெனில் அவற்றிலுள்ள பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். இரவு வலிக்கு அமிற்றிப்ரிலின், டுலோக்செற்றின், பிரிகபலின் போன்றவை உண்டு. வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து வைத்தியரே தெரிவு செய்வார். மிளகாயிலுள்ள கப்சைசின் சேர்ந்த 0.075 சதவீதக் களிம்பும் உதவலாம், அதற்காக வீட்டில் மிளகாய் அரைத்துப் பூச வேண்டாம். போர்வைத் தொல்லைக்குச் செலவில்லாத வழி: இரு பக்கமும் திறந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்து, அதன்மேல் போர்வையை விரித்து, உள்ளே கால்களை நீட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் பாத விறைப்பு உண்டு. மதியப் பூசைக்குப் பின் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வீதியை வெறுங்காலுடன் சுற்றுவது என் வழக்கம். தொடரலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மதிய வெயிலில் கருங்கல் எவ்வளவு சுடும் என்பதை உங்கள் கால் சொல்லாது. காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். தடித்த வெள்ளைப் பருத்திக் காலுறை அணிந்தால், இரத்தமோ நீரோ கசிந்தது உடனே தெரியும். வீடு திரும்பியதும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.