கடல் தாண்டிய கல்லூரியும் கல்லிடைக்குறிச்சி மாணவியும்

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு ஜனவரி 1 கெடுவுக்குள் விண்ணப்பித்துவிட்டேன். அங்கே படித்த முன்னாள் மாணவர் ஒருவர் நேர்காணல் செய்வார் என்கிறார்கள். இன்னும் அழைப்பு வரவில்லை. நானே எழுதிக் கேட்கலாமா? பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. நேர்காணலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா? பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். சொல்லிக்கொள்ளப் பரிசோ பதக்கமோ இல்லை. பள்ளி விட்டால் வீட்டில் அப்பளம் இடுவதுதான் என் வேலை. எதைத் தயார் செய்வது?
- மாணவி, கல்லிடைக்குறிச்சி

பதில்: மகளே, உன் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் படித்து வந்து, இப்போது பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிக்கிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்துக்காக ஆண்டுதோறும் பிள்ளைகளை நேர்காணலும் செய்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் உங்கள் மதிப்பெண்ணையோ கட்டுரையையோ காட்டமாட்டார்கள். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் பேசுவோம். இந்தப் பிள்ளைக்கு எதில் நாட்டம், எப்படி யோசிக்கிறாள் என்று எழுதி அனுப்புவோம். தலைமைப் பண்பு, சமூக சேவை என்று ஒருவர் மனப்பாடமாக ஒப்பித்தால் எழுதுவதற்கு எனக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை.

உன்னிடம் அப்பளம் இருக்கிறது. உளுந்து மாவோடு அப்பளக்காரம் ஏன் சேர்க்கிறோம்? சுள்ளென்ற வெயிலில் போட்டால் ஓரம் ஏன் சுருண்டுகொள்கிறது? கார்த்திகை அடைமழையில் ஏன் பூஞ்சை பிடிக்கிறது? கொஞ்சம் ஈரம் உள்ளே மிஞ்சியிருந்தால்தான் எண்ணெயில் அது ஆவியாகி அப்பளம் பொரியும். அந்த அளவை உன் அம்மா விரலால் தொட்டே சொல்லிவிடுவார், இல்லையா? எப்படிச் சொல்கிறார் என்று இன்றைக்கே அவரிடம் கேள். பார்த்ததையும் கேட்டதையும் வைத்துப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகு. எழுதி வைத்துப் படிக்காதே. அப்பளமே பார்த்திராத ஒருவருக்குச் சொல்வது போலப் பேசு. சொல் தடுமாறினால் நிறுத்தி, வேறு விதமாகச் சொல். கேள்வி புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்வதில் குறையே இல்லை.

எங்கள் பல்கலைக்கழகம் எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். பெரிய பெயர் என்பது அதற்குப் பதிலாகாது. அவர்களுடைய பாடப் பட்டியலைத் திறந்து, உனக்கு உண்மையிலேயே ஆசை வரும் பாடம் ஒன்றிரண்டைப் பார்த்து வை. நீயும் கேள்வி கேள். முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டால் எந்த முன்னாள் மாணவரும் மனம் திறந்து பேசுவார்.

இனி தேதி. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் நேர்காணலை நீ கேட்டு வாங்க முடியாது. ஆள் இருந்தால் அவர்களே எழுதுவார்கள். அழைப்பு வராவிட்டால் விண்ணப்பத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள், அதை நம்பு. ஆனால் கடிதம் அந்த முன்னாள் மாணவரின் சொந்த முகவரியிலிருந்து வரலாம். அதனால் ஸ்பேம் பெட்டியையும் தினமும் பார். வந்தால் அன்றே பதில் எழுது. பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளாதே, அறிக்கை அனுப்ப எங்களுக்கும் கெடு உண்டு. செய்முறைத் தேர்வு நாட்களைச் சொல்லி, வேறு இரண்டு மூன்று நாட்களைக் கொடு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேசுபவர் பாஸ்டனில் இருந்தால், இந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் காலை ஒன்பது என்பது நமக்கு இரவு ஏழரை. நேரத்தைக் குறிக்கும்போது இந்திய நேரத்தையும் சேர்த்தே எழுது. மின்சாரம் போனால் தொடர்வதற்குக் கைப்பேசியில் டேட்டா இருக்கட்டும். முன்கூட்டியே, நவம்பர் 1 கெடுவில் விண்ணப்பிப்பவர்களுக்கு நேர்காணல் மழைக்காலத்தில் விழும். 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து ஊரே இருண்டுவிட்டால், இணைப்பு கிடைத்தவுடன் நடந்ததை அப்படியே எழுதித் தெரிவிக்கலாம்.

அப்பாவோ அண்ணனோ திரைக்கு வெளியே உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க வேண்டாம். பிள்ளையின் கண் பக்கவாட்டில் ஓடுவது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதோடு உன் குரல் பாதியாகிவிடும், எனக்கு அதுதான் வருத்தம்.

நேரில் சந்திப்பதென்றால் நூலகம், காபிக் கடை போன்ற பொது இடமாக இருக்கட்டும். தனி வீட்டுக்கோ விடுதி அறைக்கோ வரச் சொன்னால் மறுத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு எழுது. பணம் கேட்டால் அது மோசடிதான். அல்வாப் பொட்டலம் எடுத்துப் போகாதே, அன்பளிப்பு எதுவும் வேண்டாம். மறுநாள் நாலு வரி நன்றி எழுதினால் போதும்.

முடிவை எம்.ஐ.டி. மார்ச் 14-ஐ ஒட்டியும், பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் மார்ச் கடைசியிலும் வெளியிடும். அவர்களுக்கு அது மாலை நேரம், நமக்கு மறுநாள் விடியற்காலை. அன்று உனக்குப் பொதுத்தேர்வு இருந்தால், எழுதி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு திறந்து பார். இடம் கிடைத்தால் பதில் சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது.