கரைச்செடிகளும் தட்டான்களும்: கேள்வி பதில்

கேள்வி (திருவையாறு, கல்லூரி மாணவி): குடமுருட்டி ஆற்றில் மரநிழல் விழும் இடத்தில் ஊசித்தட்டான்களும், வெட்டவெளியில் பெரிய தட்டான்களும் மிகுதியாகத் தெரிகின்றன. கரைச்செடிகள்தாம் காரணமா?

பதில்: பெரும்பாலும் அவைதாம் அம்மா. ஊசித்தட்டானின் மெல்லிய உடல் வெயிலில் விரைவில் சூடேறி ஈரத்தையும் இழப்பதால் அதற்கு நிழல் வேண்டும். பெரிய தட்டான்களில் பலவோ வெயில் காய்ந்த பிறகே சுறுசுறுப்பாகப் பறப்பவை. கரைமரங்களை வெட்டிய அமேசான் ஓடைகளில் ஊசித்தட்டான் இனங்கள் குறைந்து, வெயில் விரும்பிகள் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது முட்டை. கோரைத் தண்டருகே சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மஞ்சள் நிற ஊசித்தட்டானில், ஆண் தன் வால்நுனியால் பெண்ணின் கழுத்தைப் பற்றியபடி குச்சிபோல் நிமிர்ந்து நிற்க, பெண் உடலை வில்லாக வளைத்து, தண்டைக் கீறி ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். தண்டு இல்லையென்றால் அந்த முட்டைக்கு இடமில்லை. பெரிய தட்டான்களில் பலவற்றுக்கு வால்நுனியால் தண்ணீரைத் தொட்டுச் செல்வதே போதும். ஆனால் நீருக்குள் வளர்ந்த குஞ்சு சிறகு விரிக்க மேலே ஏறவேண்டிய நாளில், அவற்றுக்கும் நாணல் தண்டு உதவுகிறது. முதுகு வெடித்து, வெள்ளை இழைகள் தொங்க ஒட்டிக்கொண்டிருக்கும் வெறுங்கூட்டை அதிகாலையில் காணலாம். ஆகவே கரையை மொட்டையடிக்காதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் தெருவில் சிமெண்ட் தொட்டியிலும் சாக்கடையிலும்கூடத் தட்டான்கள் இருக்கின்றனவே?

பதில்: சுவரின் நிறத்திலேயே ஒட்டி உட்காரும் சாம்பல் தட்டானுக்குத் தொட்டி போதும், ஆரஞ்சுச் சிறகுத் தட்டான் அழுக்கு நீரையும் தாங்கும். ஆகவே நீரும் கரையும் நலமா என்று அறிய, எத்தனை தட்டான்கள் என்று எண்ணாமல், எத்தனை வகை என்று எண்ணுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

பதில்: மழைக்குட்டைகளில் முட்டையிடும் மஞ்சள் தட்டான்கள் பருவக்காற்றோடு கூட்டமாக வருவதால் அப்படிச் சொல்கிறோம். அதை வானிலை அறிவிப்பாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, விவசாயி): நாங்கள் கடைமடைக்காரர்கள். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வர நாளாகிறது. தட்டானுக்காக வாய்க்காலைத் தூர்வாராமல் விடச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை ஐயா. அடியில் படிந்த மண்ணையும் நடுவில் முளைத்தவற்றையும் எடுக்கத்தான் வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெங்காயத்தாமரையையும் அடியோடு அகற்றுங்கள். வெங்காயத்தாமரை பாய்போல மூடினால் கீழே உயிர்க்காற்று குறைந்து தட்டான் குஞ்சுகளே திணறும். நான் காக்கச் சொல்வது கரைச்சரிவின் நாணல், கோரை, மேலே நிற்கும் புங்கன், நீர்மருது ஆகியவற்றைத்தான்.

மறுகேள்வி (அவரே): பொக்லைன் வந்தால் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறதே! கோரையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் நடக்குமா?

குறுக்கே (மன்னார்குடி, விவசாயி): எங்கள் ஊரில் இரு கரையையும் வழித்தார்கள், அடுத்த மழையிலேயே கரை சரிந்து வாய்க்கால் தூர்ந்துவிட்டது.

பதில்: மன்னார்குடிக்காரர் சொல்வதில் பாதி விடை இருக்கிறது, மண்ணைப் பிடித்திருந்த வேர் போனால் வாரிய மண்ணே திரும்பி விழும். சிறு வாய்க்காலில் இயந்திரம் ஒரு கரையில் நின்றே வேலை செய்கிறது. அந்தக் கரையின் செடி போகட்டும். எதிர்க்கரையைத் தொடாமல் விட்டு, அடுத்த முறை கரையை மாற்றிக்கொள்ளுங்கள். வாய்க்கால் தெற்கு வடக்காக ஓடினால் மேற்குக் கரை மரங்களை எப்போதும் விட்டுவையுங்கள். பிற்பகல் வெயிலில் நிழல் தருபவை அவையே. இதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (சீர்காழி): தட்டான் வந்தால் மழை உண்டா?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி (பாபநாசம்): நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து, எவ்வளவு?

பதில்: உங்கள் வட்டார வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, முன்பு கேட்டவர்): எதிர்க்கரையை விடுகிறேன். மாட்டுக்குப் புல்லாவது அறுக்கலாமா?

பதில்: தாராளமாக அறுங்கள் ஐயா. நீர்மட்டத்துக்கு மேல் ஒரு முழம் தண்டை விட்டு அறுத்தால் போதும். முட்டை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.